பாம்புக்கு ஒரு பயண வீடு

செல்லமே செல்லம் - வாராந்திரப் பகுதி

இந்த வாரக் கேள்வி கனடாவிலிருந்து வந்திருக்கிறது. படிப்பவர்களில் பாதிப் பேர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள். பரவாயில்லை, வைத்துக்கொண்டே படியுங்கள்.

கேட்டிருப்பவர் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கும் ஈழத்தமிழ் வாசகி. அவருடைய 13 வயது மகள் மூன்று வருடமாக ஒரு கார்ன் ஸ்நேக் வளர்க்கிறாள். நாலடி நீளம். டிசம்பர் விடுமுறைக்கு ஒட்டாவாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காரில் போய்ப் பத்து நாள் தங்க வேண்டும். தெரிந்த குடும்பங்களில் கேட்டுப் பார்த்தாராம். நாயென்றால் சரி, பூனையென்றாலும் சரி, பாம்பென்றதும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். கூடவே கொண்டுபோகலாம் என்றால் வெளியே மைனஸ் 15 டிகிரி குளிர். அக்கா வீட்டில் ஒன்பது மாதக் குழந்தை இருக்கிறது. பாம்பென்ற சொல்லைக் கேட்டாலே முருகனைக் கூப்பிடும் அம்மம்மாவும் அங்கேதான். மகளோ, பாம்பை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அழுகிறாள். பத்து நாளைக்குச் சூடான ஒரு தற்காலிக வீட்டைப் பாதுகாப்பாக அமைப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

பதிலுக்குப் போகும் முன், நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் சாரை, மலைப்பாம்பு என்று எந்த நாட்டுப் பாம்பையும் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டில் இருப்பவர்களும், விடுமுறைக்கு வரும்போது பாம்பைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம் என்று நினைக்காதீர்கள். பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளிலிருந்து சென்னை விமான நிலையச் சுங்கத் துறையினர் பலமுறை பாம்புகளைப் பறிமுதல் செய்திருக்கிறார்கள். டொராண்டோவில் விஷப் பாம்புகளுக்கும், மூன்று மீட்டருக்கு மேல் வளரும் இனங்களுக்கும்தான் தடை. கார்ன் ஸ்நேக் அந்த இரண்டிலும் சேராது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த, விஷமில்லாத, எலி தின்னும் பாம்பு அது. நம் சாரைக்குத் தூரத்து உறவு. வயிற்றுப் பக்கம் சோளக்கதிரின் மணிகளைப் போலக் கட்டம் கட்டமாக இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருடம் வரைகூட வாழும்.

சூடு எதற்கு?

நம் உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பாம்பின் உடம்பால் அது முடியாது. சுற்றுப்புறத்திலிருந்துதான் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். தின்ற எலி செரிப்பதற்கும், நோயை எதிர்ப்பதற்கும், ஒழுங்காக நடமாடுவதற்கும் அதற்கு வெளிச்சூடு தேவை.

இதைக் கேட்டதும், 'அப்படியானால் பெட்டி முழுக்க நன்றாகச் சூடேற்றிவிடலாம்' என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். குளிர்காலப் பயணத்தில் பாம்புகளுக்கு ஆபத்து வருவதே இந்த அக்கறையால்தான். காட்டில் பாம்பு கொஞ்ச நேரம் வெயில் பட்ட இடத்தில் கிடக்கும், போதுமென்று தோன்றினால் நிழலுக்குப் போய்விடும். இப்படி மாறி மாறிப் போய்வருவதுதான் அது தன் உடம்பின் சூட்டைச் சரியாக வைத்துக்கொள்ளும் வழி. பெட்டியில் ஒரு மூலை சூடாக இருக்க வேண்டியது எவ்வளவு முக்கியமோ, இன்னொரு மூலை குளிர்ச்சியாக இருப்பதும் அவ்வளவு முக்கியம்.

கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22 முதல் 24 டிகிரி. சூடான பக்கம் 32-ஐத் தாண்டவே கூடாது. தற்காலிக வீடு சின்னதாக இருக்கலாம், அழகில்லாமல் இருக்கலாம். இந்த இரண்டு பக்கங்கள் மட்டும் கட்டாயம் வேண்டும்.

கொண்டுபோகத்தான் வேண்டுமா?

வாசகி கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். வளர்ந்த, ஆரோக்கியமான கார்ன் ஸ்நேக்குக்குப் பத்து நாள் உணவில்லாமல் இருப்பது பெரிய விஷயமே இல்லை. வீட்டிலுள்ள அதன் கண்ணாடித் தொட்டியில் சூடு தானாகக் கட்டுப்படும் வசதி இருந்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை யாராவது வந்து தண்ணீரையும் வெப்பத்தையும் பார்த்துவிட்டுப் போனால், பாம்புக்கு அதுவே சுகம். தொட வேண்டியதில்லை, தொட்டியைத் திறந்து தண்ணீர் மாற்றினால் போதும் என்று விளக்கிச் சொன்னால், மறுத்தவர்களில் ஒருவராவது சம்மதிக்கலாம். ஊர்வன வளர்ப்புப் பொருட்கள் விற்கும் சில கடைகளிலும் கட்டணத்துக்குத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

இதில் எதுவும் சரிவரவில்லை என்றால் கொண்டுபோகலாம். அதற்கு முன் இரண்டு போன் பேசுங்கள். முதல் போன் அக்காவுக்கு. பாம்பு வருகிறது என்பது அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், முக்கியமாக அம்மம்மாவுக்கு, முன்பே தெரிய வேண்டும். 'வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்' என்பது வேண்டாம். அவர் மனதார வேண்டாமென்றால், அதை மதித்து வேறு வழி பாருங்கள். இரண்டாவது போன் ஒட்டாவா நகராட்சிக்கு. ஒன்டாரியோ மாகாணத்தில் எந்த விலங்கை வைத்திருக்கலாம் என்ற விதி ஊருக்கு ஊர் மாறும். 311 என்ற எண்ணில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பெட்டியைத் தயார் செய்வோம்

துணிமணி அடுக்கி வைக்கும் நீளமான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குங்கள். நாலடிப் பாம்புக்கு மூன்றடி நீளப் பெட்டி பத்து நாளைக்குத் தாராளம். மூடி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டுப் பூட்டும்படி இருக்க வேண்டும். வெறுமனே அழுத்தி மூடும் மூடியைப் பாம்பு மூக்கால் நெம்பித் திறந்துவிடும். பக்கச் சுவர்களில் பென்சில் முனை அளவுக்கு வரிசையாகத் துளை போடுங்கள். உள்ளிருந்து வெளியே போகும்படி துளைத்தால், பிசிறு வெளிப்பக்கம் நிற்கும், பாம்பின் தோலில் கீறாது.

சூட்டுக்கு, ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் மெல்லிய ஹீட் மேட். பெட்டியின் தரையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மறைக்கும் அளவு போதும். அதைப் பெட்டிக்கு வெளியே, அடியில், ஓர் ஓரமாக வைக்க வேண்டும். பெட்டியின் நான்கு மூலைகளுக்கும் சின்னக் கட்டைகள் வைத்து அரை அங்குலம் உயர்த்திவிடுங்கள். அடியில் காற்றோட்டம் இல்லாமல் சூடு தேங்கினால் பிளாஸ்டிக்கே இளகிவிடலாம்.

அடுத்தது தெர்மோஸ்டாட். சூடு குறித்த அளவை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்தி, குறைந்ததும் மறுபடி விடும் சின்னக் கருவி. இது இல்லாமல் ஹீட் மேட்டைச் சுவிட்ச் போடவே போடாதீர்கள். கட்டுப்பாடு இல்லாத மேட், தரையை 40 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடக் கூடும். சூடு பட்டால் நாம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோம். பாம்பு அப்படி விலகுவதில்லை. அடியில் சுடச்சுட, அதே இடத்தில் சுருண்டு கிடந்து வயிற்றுத் தோல் வெந்துபோன பாம்புகள் கால்நடை மருத்துவர்களுக்குப் பழக்கமான காட்சி. அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும்.

தெர்மோஸ்டாட்டின் உணர்முனையைப் பெட்டிக்குள், மேட்டுக்கு நேர் மேலே உள்ள தரையில் அசையாமல் பதியுங்கள். ஒட்டும் டேப்பைப் பாம்பு உரசும் இடத்தில் பயன்படுத்த வேண்டாம். தோலோடு ஒட்டிக்கொண்டால் பிரிப்பது கஷ்டம். உணர்முனையின் ஒயரைத் துளை வழியாக இழுத்து, வெளிப்பக்கம் டேப் ஒட்டினால் போதும். இதோடு சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர்கள்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். இடுப்புவலிக்கு நாம் வைத்துக்கொள்ளும் மின்சார ஒத்தடப் பை வேண்டாம். அதில் பல, ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். அணையாதவை அளவுக்கு மேல் சுடும். சூடேறும் செயற்கைக் கல் வேண்டாம். கையுறைக்குள் வைக்கும் இரசாயனச் சூட்டுப் பொட்டலமும் வேண்டாம். அதற்குள் இருக்கும் இரும்புத்தூள், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சூடாகிறது. மூடிய சின்னப் பெட்டியில் பாம்பு சுவாசிக்க வேண்டிய காற்றை அதுவும் எடுத்துக்கொள்ளும். மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு.

பெட்டிக்குள் அலங்காரம் எதுவும் தேவையில்லை. தரைக்குக் கிச்சன் பேப்பர். ஒளிந்துகொள்ள, வாசல் வெட்டிய இரண்டு அட்டைப்பெட்டிகள்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. இரண்டும் வேண்டும். ஒன்றே ஒன்றைச் சூடான பக்கம் மட்டும் வைத்தால், பாம்பு பாதுகாப்புக்காக, சுட்டாலும் அங்கேயே கிடக்கும். கவிழாத கனமான கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பெட்டி தயார்.

ஒரு நாள் ஒத்திகை

எல்லாவற்றையும் வாங்கி அக்கா வீட்டில் போய்ப் பிரிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, உங்கள் வீட்டிலேயே இருப்பதில் குளிரான அறையில் பெட்டியைப் பாம்பில்லாமல் 24 மணி நேரம் ஓடவிடுங்கள். காலை, மதியம், இரவு, விடியற்காலை என நான்கு முறை இரண்டு தெர்மாமீட்டர்களையும் பார்த்து எழுதி வையுங்கள். சூடான பக்கம் 30-ஐ ஒட்டியும், குளிர்ந்த பக்கம் 24-க்குக் கீழேயும் நின்றால் சரி. அந்த எழுதும் வேலையை மகளிடமே விடலாம். பாம்பு அவளுடையதுதானே!

கடைசிச் சாப்பாடு எப்போது?

கிளம்புவதற்கு ஐந்து முதல் ஏழு நாள் முன்பு. அதற்குப் பிறகு, வீடு திரும்பி இரண்டு மூன்று நாள் ஆகும்வரை எதுவும் கொடுக்காதீர்கள். வயிற்றில் எலியோடு பாம்பு குளிரில் மாட்டிக்கொண்டால் செரிமானம் நின்றுவிடும். உள்ளே இரை அழுகத் தொடங்கும், பாம்பு கக்கிவிடும். கக்குவது பாம்பின் உடம்பை மிகவும் சோர்வாக்கும்.

வெறும் வயிற்றில் இருக்கும் கார்ன் ஸ்நேக் குளிரை நன்றாகவே தாங்கும். காட்டில் குளிர்காலத்தை மண்ணுக்கடியில் அசையாமல் கழிக்கும் இனம்தானே அது. சில மணி நேரம் 16, 17 டிகிரியில் இருந்தால் மந்தமாகும், அவ்வளவுதான். ஆனால் அதே சில மணி நேரம் 38 டிகிரியில் மூடிக் கிடந்தால் உயிரே போய்விடலாம். பயணத்தில் எந்த முடிவெடுக்க நேர்ந்தாலும் இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அக்கா வீட்டு ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் எலிக்கும் இடம் கேட்கும் சங்கடம் மிச்சம்.

காரில்...

டொராண்டோவிலிருந்து ஒட்டாவா சுமார் 450 கிலோமீட்டர். சாதாரண நாளில் ஐந்து மணி நேரம், பனி கொட்டினால் எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது. பெரிய பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால் ஒவ்வொரு பிரேக்குக்கும் பாம்பு அடிபடும். வழிக்குத் தனியாக ஒரு சின்ன ஏற்பாடு வேண்டும்.

சுத்தமான பருத்தித் தலையணை உறை ஒன்றை, தையல் நூல் வெளியே இருக்கும்படி திருப்பிக்கொள்ளுங்கள். பாம்பை அதற்குள் விட்டு வாயை முடிச்சுப் போடுங்கள். இருட்டும் நெருக்கமும் பாம்புக்குப் பிடிக்கும், அமைதியாகிவிடும். துணி வழியாகவே சுவாசிக்கும். அந்தப் பையை, சில துளைகள் போட்ட தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். பிக்னிக்குக்குக் கூல்டிரிங்ஸ் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியும் சரிதான். குளிரை வெளியே விடாமல் காப்பது போலவே சூட்டையும் அது காக்கும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர். தண்ணீர்க் கிண்ணம் வழியில் வேண்டாம்.

காரை முதலில் சூடாக்கிவிட்டுப் பிறகு பாம்பைக் கொண்டுவாருங்கள். காரை வாசலில் நிறுத்தித்தான் சூடாக்க வேண்டும். மூடிய கராஜுக்குள் இன்ஜின் ஓடினால், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவி மனிதர்களின் உயிருக்கே ஆபத்து. பெட்டியைப் பின்சீட்டில் பெல்ட் போட்டு நிறுத்துங்கள். டிக்கியில் வைக்காதீர்கள், ஹீட்டர் காற்று நேராக அடிக்கும் இடத்திலும் வேண்டாம். காருக்குள் 22, 23 டிகிரி இருந்தால் நமக்கும் சுகம், பாம்புக்கும் அதுவே போதும். வேறு எந்தச் சூடும் தேவையில்லை.

401 நெடுஞ்சாலையில் சாப்பிட நிறுத்தினால், ஒருவர் காரிலேயே இருங்கள். அல்லது பெட்டியைக் கையோடு எடுத்துப்போங்கள். மைனஸ் 15-இல் நிறுத்திவைத்த கார் ஆறிப்போக அதிக நேரம் ஆகாது. கார் வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்றும், ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் கலந்து, கையில் பிடித்தால் இதமாக இருக்கும் அளவுக்கு ஆற்றி ஊற்றி, பையைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஓர் ஓரத்தில் மட்டும் வையுங்கள். பாம்பு விலகிப்போக மறுபக்கம் காலியாக இருக்கட்டும்.

அக்கா வீட்டில்

கதவு மூடும் தனி அறை ஒன்று வேண்டும். ஜன்னலோரம், வெளிச்சுவர், வெயில் நேராக விழும் இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். கனடா வீடுகளில் தரையில் சூடான காற்று வரும் துவாரம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தால் உங்கள் ஒத்திகைக் கணக்கு முழுவதும் மாறிவிடும். போனதும் முதல் வேலையாகப் பெட்டியைச் சூடாக்குங்கள். இரண்டு தெர்மாமீட்டர்களும் சரியான அளவைக் காட்டும்வரை பாம்பு பைக்குள்ளேயே இருக்கட்டும். பிறகு உள்ளே விட்டு, முதல் இரண்டு நாள் யாரும் தொடாதீர்கள்.

மூடியின் கிளிப்புகளோடு, பெட்டியைச் சுற்றி ஒரு பெல்ட்டும் கட்டுங்கள். அறைச் சாவி ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன் பாம்பைக் கண்ணால் பார்த்துவிட்டுப் படுப்பது என்று மகளுக்கு ஒரு வழக்கம் வையுங்கள். 'பாத்துட்டேன், உள்ளதான் இருக்கு' என்று அவள் தினமும் சொல்வதைக் கேட்டால்தான் அம்மம்மாவுக்குத் தூக்கம் வரும்.

குழந்தை இருக்கும் வீடு என்பதால் இன்னொரு எச்சரிக்கை. ஆரோக்கியமான பாம்பின் உடம்பிலும் எச்சத்திலும்கூட சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளையும், முதியவர்களையும், கர்ப்பிணிகளையும் அது கடுமையாகப் பாதிக்கும். பாம்பைத் தொட்டவர் சோப்புப் போட்டுக் கை கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். பெட்டியையோ தண்ணீர்க் கிண்ணத்தையோ சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டும் இடத்திலும் வேண்டாம். துணி துவைக்கும் இடத்துத் தொட்டியில் கழுவி, கிருமிநாசினி ஊற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

கரண்ட் போனால்?

கனடாவில் கரண்ட் போகாது என்று சொல்ல முடியாது. 2013 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முன் வந்த பனிப்புயலில் டொராண்டோவில் மட்டும் சுமார் மூன்று லட்சம் இணைப்புகளில் மின்சாரம் நின்றது. சில வீடுகளுக்குத் திரும்பி வரப் பல நாள் ஆயிற்று.

அப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். பாம்பு வெறும் வயிற்றில்தானே இருக்கிறது? அதைத் தலையணை உறைக்குள் விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, துளைகள் அடைபடாமல் கம்பளி சுற்றுங்கள். எல்லோரும் சேர்ந்து தங்கும் அறையிலேயே எட்டாத உயரத்தில் வையுங்கள். வெந்நீர்ப் பையைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றலாம். மெழுகுவத்தியைப் பக்கத்தில் வைக்காதீர்கள். கரண்ட் வந்ததும் ஒரேயடியாகச் சூடேற்றாமல், முதலில் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு பெட்டிக்கு மாற்றுங்கள்.

பாம்பே சொல்லிவிடும்

இத்தனை ஏற்பாடும் சரியாக இருக்கிறதா என்று பாம்பு படுத்திருக்கும் இடமே சொல்லும். நாள் முழுக்கக் குளிர்ந்த மூலையிலேயே ஒட்டிக் கிடந்தால் பெட்டி அதிகமாகச் சுடுகிறது. சூடான பக்கத்தை விட்டு அசையவே இல்லையென்றால் சூடு போதவில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று இடம் மாறிக்கொண்டிருந்தால் எல்லாம் சரி. வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் நுரை, மூச்சில் விசில் சத்தம் ஆகியவை தெரிந்தால் சளிக் காய்ச்சலின் அறிகுறி. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். எல்லா மருத்துவர்களும் பாம்பு பார்ப்பதில்லை. ஒட்டாவாவில் பார்ப்பவர் யார் என்று கிளம்பும் முன்பே விசாரித்து, எண்ணைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

(உங்கள் செல்லத்தைப் பற்றிய கேள்விகளை எழுதி அனுப்புங்கள். வயது, எடை, என்ன சாப்பிடுகிறது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.)

அடுத்த வாரம்: தீபாவளி வெடிச்சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒளியும் நாயை என்ன செய்வது?